நெபுலா போட்டோ: பெருசாக்குறது வேற, சேக்குறது வேற

தென்னாப்பிரிக்கால ஜோஹன்னஸ்பர்க் பக்கத்துல இருக்குற லெனேசியால வீட்டு பின்பக்கம் ட்ரைபாட் வெச்சு எடுத்த கரீனா நெபுலா படத்தை குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டா வர்ற கேள்வி ரெண்டே ரெண்டு தான். "எவ்ளோ பெரிய டெலஸ்கோப் வெச்சிருக்கீங்க?" இது ஒண்ணு. "கலர் எல்லாம் போட்டோஷாப் தானே அண்ணே?" இது இன்னொண்ணு. ரெண்டுக்கும் இல்லைன்னு தான் பதில், ஆனா ஒத்த வார்த்தைல இல்லைன்னு சொன்னா யாரும் நம்புறதில்ல, நாசா படத்தை டவுன்லோட் பண்ணி போட்டுட்டு கதை விடுறான்னு நெனைக்குற மாமாக்களும் இருக்காங்க. அதனால இது உள்ளுக்குள்ள எப்பிடி நடக்குதுன்னு அடியில இருந்து எழுதிடுறேன். கொஞ்சம் கணக்கு வரும், ஏழாங்கிளாஸ் அளவுக்கு மேல போகாது.

## நெபுலா சின்னது கெடையாது

நட்சத்திரங்களுக்கு நடுவுல கெடக்குற வாயுவும் தூசியும் சேந்த மேகத்தைத் தான் நெபுலாங்குறோம், அந்த வாயுல பெரும்பங்கு ஹைட்ரஜன். ரொம்ப தூரத்துல இருக்கு, அதனால குட்டியா தான் தெரியும், அதனால ஜூம் பண்ணணும், ஜூம் பண்ண பெரிய டெலஸ்கோப் வேணும்னு எல்லாரும் வரிசையா முடிவு பண்ணிடுறாங்க. குட்டியா தெரியும்ங்குற படியே தப்பு. கரீனா நெபுலா சுமார் 7,500 ஒளியாண்டு தூரம், அதாவது ஒளி 7,500 வருஷம் ஓடி வர்ற தூரம், அது சரி தான். ஆனா வானத்துல அது அடைச்சிக்கிட்டு இருக்குற இடம் குறுக்க கிட்டத்தட்ட 2 டிகிரி. முழு நிலா அரை டிகிரி தான். நாலு நிலாவை ஒட்டி ஒட்டி வெச்சா எவ்ளோ வருமோ அவ்ளோ அகலம். கல்யாண வீட்ல போட்டோ எடுக்குறவர் வெச்சிருக்குற 200 மில்லிமீட்டர் லென்ஸை லென்ஸ் மாத்தி மாட்டுற ஒரு சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமரால மாட்டுனா ஃப்ரேம் சுமார் 6 டிகிரிக்கு 4 டிகிரி வரும், கரீனா அதுல தாராளமா உக்காந்துடும். பெரிய டெலஸ்கோப்ல போனா ஒரு மூலை தான் சிக்கும்.

1751ல இருந்து 1753 வரைக்கும் கேப் டவுன்ல தங்கி தெற்கு வானத்தை அளந்த லக்காய்னு ஒரு பிரெஞ்சுக்காரர், கரீனா நெபுலாவைக் கண்டு எழுதி வெச்சது அவர் தான். அவர் வெச்சிருந்த டெலஸ்கோப் லென்ஸோட அகலம் அரை இஞ்ச். அரை இஞ்ச்! இப்ப பொம்மைக் கடைல விக்குற பைனாகுலர் கூட அதை விடப் பெருசு. அவருக்கு இருட்டு வானம் இருந்துச்சு, அவ்ளோ தான் வித்தியாசம்.

அப்ப நமக்கு ஏன் தெரியல? மங்கலா இருக்கு, அதான். நம்ம கண்ணு ஒரு நொடில ஒரு சின்னப் பங்கு நேரத்துக்கு வர்ற ஒளியை மட்டும் வெச்சு ஒரு காட்சியைப் பாத்துட்டு அதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடும், பத்து நிமிஷம் உத்துப் பாத்தாலும் மொத்த ஒளியும் உள்ள சேராது. கேமராக்குள்ள ஒளியைப் பதியுற சென்சார் சேத்து வெச்சுக்கும். ஷட்டரைத் திறந்து வெச்சிருக்குற நேரத்துக்கு எக்ஸ்போஷர்னு பேரு, அந்த நேரம் முழுக்க வந்த ஒளி எல்லாம் ஒரே படத்துல விழும். இது புதுசா கண்டுபிடிச்ச சமாச்சாரமும் இல்ல. 1880 செப்டம்பர்ல அமெரிக்கால ஹென்றி ட்ரேப்பர் ஓரியன் நெபுலாவை முதல் முதலா போட்டோ எடுத்தார், எக்ஸ்போஷர் 51 நிமிஷம். மூணு வருஷம் கழிச்சு இங்கிலாந்துல காமன்னு ஒருத்தர் அதே நெபுலாவை எடுத்தப்போ, கண்ணால பாத்தா தெரியாத நட்சத்திரங்கள் எல்லாம் ஃபிலிம் மாதிரி அப்ப இருந்த கண்ணாடித் தட்டுல வந்து விழுந்துச்சு. மனுசக் கண்ணை கேமரா தாண்டுன எடம் அது.

சுருக்கமா: நெபுலா பெருசு, ஆனா மங்கல். பெருசாக்க வேண்டிய அவசியம் இல்ல, ஒளியைச் சேக்கணும்.

## பூமி நிக்காதுங்குறது தான் முதல் தலைவலி

சேக்கணும்னா ஷட்டரைத் திறந்து வெச்சிட்டு டீ குடிக்கப் போயிடலாமேன்னு தோணும். முடியாது, பூமி சுத்துது. வானம் மணிக்கு 15 டிகிரி நகருது, கேமரா சும்மா நின்னா நட்சத்திரம் எல்லாம் கோடா இழுபடும். ட்ரைபாட்ல மட்டும் வெச்சு எடுக்குறவங்களுக்கு ஒரு கைக்கணக்கு இருக்கு, 500ஐ லென்ஸ் மில்லிமீட்டரால வகுத்தா எத்தனை செகண்ட் வரைக்கும் திறக்கலாம்னு வரும், சின்ன சென்சார் கேமரான்னா அதை இன்னும் 1.6 ஆல வகுக்கணும். 200 லென்ஸுக்கு ஒண்ணரை செகண்ட் தான் தேறும். அதுல ஒண்ணும் சேராது.

அதனால ட்ராக்கர் வேணும். வானம் சுத்துற வேகத்துலயே கேமராவை திருப்புற ஒரு மோட்டார் பொட்டி, அவ்ளோ தான் அது. ஆனா அதோட அச்சு பூமியோட அச்சுக்கு இணையா இருக்கணும், அதாவது வானத்தோட தென் துருவப் புள்ளியப் பாத்து நிக்கணும், இதைத் தான் போலார் அலைன்மென்ட்னு சொல்றோம். சென்னைல இருக்குறவங்களுக்கு இதுல ஒரு சொகுசு இருக்கு, துருவ நட்சத்திரம் வெளிச்சமா நிக்கும், அதைப் பாத்து வெச்சா பாதி வேலை முடிஞ்சுது. நமக்கு தெற்குல இருக்குறது சிக்மா ஆக்டான்டிஸ்ங்குற மங்கல் நட்சத்திரம், ஜோஹன்னஸ்பர்க் வெளிச்சத்துல வெறும் கண்ணால தேடுனா கெடைக்கவே கெடைக்காது. சரி போன்ல காம்பஸ் இருக்கேன்னு போனா அங்க இன்னொரு வம்பு, இந்தப் பக்கத்துல காந்த ஊசி காட்டுற தெற்கு நிஜத் தெற்குல இருந்து கிட்டத்தட்ட 20 டிகிரி கிழக்கால தள்ளி நிக்கும். போன் செட்டிங்ல ட்ரூ நார்த்னு ஒண்ணு இருக்கும், அதைப் போட்டுக்கணும். அச்சை அடிவானத்துல இருந்து தூக்க வேண்டிய உயரம் 26 டிகிரி, ஏன்னா ஜோஹன்னஸ்பர்க் இருக்குற அட்சரேகை அது. இந்த ரெண்டையும் வெச்சு தோராயமா நிறுத்திட்டா 200 லென்ஸுல 30 செகண்ட் தாங்குறதுக்கு கொஞ்சம் திருகுனாப் போதும், லேப்டாப் இருந்தா படத்தை எடுத்து எந்த நட்சத்திரம் எங்க இருக்குன்னு கணக்குப் பாத்து எந்தப் பக்கம் எவ்ளோ திருகணும்னு சொல்ற சாஃப்ட்வேரும் இருக்கு.

## ஒரு படம் ஏன் பத்தாது

இப்ப 30 செகண்ட் படம் ஒண்ணு எடுத்தாச்சுன்னு வெச்சுக்குங்க. கேமரா பின்னாடி ஸ்க்ரீன்ல பாத்தா என்ன தெரியும்? காவி கலந்த சாம்பல் கலர்ல ஒரு வானம், நெறைய நட்சத்திரப் புள்ளி, நடுவுல யாரோ விரலால தேச்ச மாதிரி லேசா செவந்த ஒரு கறை. பெருசாக்கிப் பாத்தா மணல் கொட்டுன மாதிரி பொரிப் பொரியா இருக்கும். இதைப் பாத்துட்டு கேமரா சரியில்லைன்னு அடுத்த மாசம் புது கேமரா வாங்குறவங்க நெறைய பேரு. கேமரா நல்லா தான் இருக்கு.

அந்தப் பொரிக்கு நாய்ஸ்னு பேரு, நமக்கு வேண்டிய நெபுலா ஒளிக்கு சிக்னல்னு பேரு. கோயில்ல வெள்ளிக்கெழமை கூட்டா தேவாரம் பாடுறதைக் கேட்டிருப்பீங்க. தனித்தனியா நிக்க வெச்சு பாடச் சொன்னா ஒவ்வொருத்தரும் எங்கயாவது ஒரு எடத்துல சுருதி விடுவாங்க, ஒருத்தர் மேல போவாரு, ஒருத்தர் கீழ போவாரு. ஆனா அம்பது பேர் ஒண்ணா பாடுறப்போ வெளிய செருப்பு விடுற எடத்துல நின்னு கேட்டா பாட்டு ஒழுங்கா கேக்கும். ஏன்னா பாட்டு எல்லாருக்கும் ஒண்ணு, தப்பு ஆளாளுக்கு வேற. ஒண்ணானது சேந்துக்கிட்டே போகும், வேற வேறயா இருக்குறது ஒண்ணை ஒண்ணு அடிச்சிக்கும். படமும் அப்பிடியே. 30 செகண்ட் படம் ஒவ்வொண்ணுக்கும் ஃப்ரேம்னு பேரு, நெபுலா எல்லா ஃப்ரேம்லயும் அதே எடத்துல அதே மாதிரி இருக்கும், பொரி மட்டும் ஒவ்வொண்ணுலயும் வேற எடத்துல விழும். எல்லா ஃப்ரேமையும் நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் பொருத்தி சராசரி எடுத்தா பொரி அடங்கி நெபுலா நிக்கும். இந்த வேலைக்கு ஸ்டாக்கிங்னு பேரு. டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் ரெண்டுமே இலவசமா கெடைக்குற சாஃப்ட்வேர், அதுங்க இதைப் பண்ணிக் குடுத்துடும். நடுவுல ஏரோப்ளேன் போய் கோடு விழுந்தா கூட கவலை இல்ல, மத்த ஃப்ரேம்ல இல்லாத ஒண்ணு இதுல மட்டும் இருக்குன்னு பாத்து அந்தப் புள்ளியை மட்டும் கழட்டி விட்டுடும், ஏர்போர்ட் பக்கத்துல இருக்குற நமக்கு இது பெரிய உபகாரம்.

ஒளி போட்டான்னு சொல்ற துளித் துளியா தான் வருது, அதுவும் மழைக்காலத்து பஸ் மாதிரி ஒழுங்கில்லாம வரும். சராசரியா 100 வரணும்னா ஒரு தடவை 92 வரும், ஒரு தடவை 109 வரும். எவ்ளோ ஆடும்னா எண்ணிக்கையோட வர்க்கமூலம் அளவுக்கு. 100க்கு 10, 400க்கு 20. அப்ப ஒளி நாலு மடங்கு ஆனா ஆட்டம் ரெண்டு மடங்கு தான் ஆகும், படம் ரெண்டு மடங்கு சுத்தமாகும். இதுல ஒரு வலியும் இருக்கு: ஒரு மணி நேரம் எடுத்த படத்தை விட ரெண்டு மடங்கு நல்லா வேணும்னா நாலு மணி நேரம் எடுக்கணும், அதையும் ரெண்டு மடங்கு ஆக்கணும்னா பதினாறு மணி நேரம். ஒரு கட்டத்துக்கு மேல தூக்கம் தான் போகும்.

சுருக்கமா: ஒரு ஃப்ரேம்ல நெபுலா பொரிக்குள்ள புதைஞ்சு இருக்கு, நெறைய ஃப்ரேமை சராசரி போட்டா பொரி கரையும், நெபுலா கரையாது.

## ஊரு வெளிச்சம் உண்மையில என்ன கெடுக்குது

ஒளி மாசு நெபுலாவை மறைச்சிடுதுன்னு பொதுவா சொல்லுவாங்க, மேகம் மறைக்குற மாதிரி. அப்பிடி கெடையாது. நெபுலால இருந்து வர்ற ஒளி சென்சார்ல விழுந்துட்டு தான் இருக்கு, ஒரு துளி கூட கொறையல. அது மேல ஊரு வெளிச்சமும் சேந்து விழுது, அந்த வெளிச்சத்தோட ஆட்டம் தான் நெபுலாவை முழுங்குது.

கணக்கா பாத்தா சட்டுனு புரியும். ஒரு புள்ளில ஒரு ஃப்ரேமுக்கு நெபுலா 10 போட்டான் தருதுன்னு ஒரு பேச்சுக்கு வைப்போம். ஊருக்குள்ள வானம் 390 தருது, மொத்தம் 400, ஆட்டம் 20. நமக்கு வேண்டியது 10, ஆடுறது 20, விகிதம் அரை, ஒண்ணும் தெரியாது. அதே மாதிரி 100 ஃப்ரேம் சேத்தா நெபுலா 1,000, மொத்தம் 40,000, ஆட்டம் 200, விகிதம் 5. தெரியும்! இப்ப ஆள் நடமாட்டம் கம்மியான வறண்ட கரூ வட்டாரத்துப் பக்கம் இருட்டான எடம் போனா வானம் 15 தான் தருதுன்னு வைங்க, மொத்தம் 25, ஆட்டம் 5, ஒரே ஃப்ரேம்ல விகிதம் 2. ஏழு ஃப்ரேம் சேத்தாலே 5ஐத் தாண்டிடும். ஊருக்குள்ள நூறு, அங்க ஏழு. நாட்டோட பெரிய டெலஸ்கோப்பை கொண்டு போய் அதே கரூல இருக்குற சதர்லேண்ட்ல ஆளில்லாத காட்டுல வெச்சிருக்குறதுக்கும், அந்த வட்டாரத்து வானத்தைக் காப்பாத்த 2007ல தனியா சட்டமே போட்டதுக்கும் இந்தக் கணக்கு ஒரு முக்கியமான காரணம்.

2022, 2023ல கரண்ட் பத்தாம முறை வெச்சு நிறுத்துற லோட் ஷெடிங் உச்சத்துல இருந்தப்போ இங்க வானம் பாக்குறவங்க எல்லாம் மத்தவங்க முன்னாடி சந்தோஷத்தைக் காட்டிக்க முடியாம இருந்தோம், நம்ம ஏரியா அணையுற டயத்தை ஆப்ல பாத்து ட்ராக்கரை செட் பண்றது. ஆனா ஏரியா ஏரியாவா தான் அணைப்பாங்க, தலைக்கு மேல நல்லா கறுக்கும், அடிவானத்துல பக்கத்து ஏரியா பளபளன்னு எரியும்.

இப்ப கரண்ட் இருக்கு, கூடவே செக்யூரிட்டி லைட்டும் இருக்கு. பூனை தாண்டுனாலே எரியுற ஃப்ளட்லைட் பக்கத்து வீட்டு சுவர்ல இருக்கு, அதை அணைங்கன்னு இந்த ஊர்ல யாரையும் கேக்க முடியாது, கேக்கவும் கூடாது. துணி காயப்போடுற கம்பில ஒரு கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டு லென்ஸ் மேல நேரா வெளிச்சம் விழாம பாத்துக்கலாம், வானத்துல பரவுற வெளிச்சத்தை அது ஒண்ணும் பண்ணாது.

பரவுற வெளிச்சத்துக்கு ஃபில்டர் இருக்கு, அதைச் சொல்றதுக்கு முன்னாடி கலரைச் சொல்லணும்.

## கலர் பொய்யா

பொய் இல்ல. நெபுலாக்குள்ள இருக்குற சூடான நட்சத்திரங்க புற ஊதாக் கதிரைக் கக்கும், அது ஹைட்ரஜன் அணுல இருந்து எலக்ட்ரானை உதைச்சு வெளிய தள்ளிடும். அந்த எலக்ட்ரான் திரும்ப ஒரு அணுல வந்து ஒட்டி படி படியா கீழ எறங்கும், மூணாவது படில இருந்து ரெண்டாவது படிக்கு எறங்குறப்போ 656 நானோமீட்டர் அலைநீளத்துல சிவப்பு ஒளி விடும், எப்பவும் அதே சிவப்பு தான். இதுக்கு ஹைட்ரஜன் ஆல்ஃபான்னு பேரு. ஆக்சிஜன் இருந்தா அது 501 பக்கத்துல நீலப்பச்சையா விடும். இந்த மாதிரி தானே ஒளி விடுறதை எமிஷன் நெபுலாங்குறோம்.

அப்ப டெலஸ்கோப்ல கண்ணை வெச்சுப் பாத்தா ஏன் வெறும் சாம்பலா தெரியுது? மங்கலான வெளிச்சத்துல கலர் பாக்குற செல்லு நம்ம கண்ணுல வேலை செய்யாது, வேலை செய்யுற மத்த செல்லுக்கு கலரும் தெரியாது, சிவப்பு ஒளி சுத்தமா உறைக்காது. கொறை கண்ணுல இருக்கு, நெபுலா சிவப்பா தான் இருக்கு. கேமராலயும் ஒரு கொறை இருக்கு: கடைல வாங்குற டிஎஸ்எல்ஆர் சென்சாருக்கு முன்னாடி அகச்சிவப்பை வடிகட்ட ஒரு கண்ணாடி போட்டிருப்பாங்க, அது ஹைட்ரஜன் ஆல்ஃபாலயும் பெரும்பங்கை வெட்டிடும். அதைக் கழட்டி மாத்தித் தர்ற ஆளுங்க உண்டு. கரீனாவுக்கும் ஓரியனுக்கும் அவசியமில்ல, அதுங்க வெட்டுனது போக மீதியிலயே நல்லா வரும்.

மாமாக்கள் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லணும். 1995ல ஹப்பிள் எடுத்த ஈகிள் நெபுலா தூண் படம் எல்லாரும் பாத்திருப்பீங்க. அதுல கந்தகத்தோட ஒளியை சிவப்பாவும் ஹைட்ரஜனை பச்சையாவும் ஆக்சிஜனை நீலமாவும் மாத்திப் போட்டிருக்காங்க, எது எங்க இருக்குன்னு பிரிச்சுக் காட்டணும்னு. 2022ல வந்த ஜேம்ஸ் வெப் படம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புல எடுத்தது, அதுக்கு நிஜக் கலர்னு ஒண்ணு கெடையவே கெடையாது. நம்ம டிஎஸ்எல்ஆர்ல வர்ற செவப்பு அந்த வகை இல்ல.

ஃபில்டருக்கு வர்றேன். நெபுலா ஒளி ரெண்டு மூணு குறிப்பிட்ட அலைநீளத்துல மட்டும் வருதுன்னா அந்த அலைநீளத்தை மட்டும் விட்டுட்டு மத்ததை அடைக்குற கண்ணாடி போட்டா ஊரு வெளிச்சம் பெரும்பாலும் வெளிய நின்னுடும். டூயல்பேண்ட் ஃபில்டர்ங்குறது இது தான். மேல சொன்ன கணக்குல 390ஐ இது பல மடங்கு கொறைக்கும், 10ல அதிகம் கை வெக்காது. பழைய மஞ்ச சோடியம் தெரு விளக்கு குறுகலான கலர்ல எரிஞ்சதால சாதாரண ஃபில்டரே அதைப் பிடிச்சிடும், இப்ப வர்ற வெள்ளை எல்இடி எல்லாக் கலரையும் கொட்டுது, அதனால தான் இந்த குறுகல் ஃபில்டருக்கு இவ்ளோ மவுசு.

## ஸ்டாக் பண்ணியும் போகாத கறை

நூறு ஃப்ரேம் சேத்தாச்சு, பொரி போச்சு, ஆனா மூலை எல்லாம் இருட்டா, நடுவுல வட்டமா ஒரு கறை, அங்கங்க செவப்புப் புள்ளி. இது ஏன் அடங்கல? கோயில்ல ஆர்மோனியத்துலயே ஒரு கட்டை சுருதி விலகி இருந்தா அதைக் கேட்டுப் பாடுற அம்பது பேரும் அந்த எடத்துல ஒண்ணா விலகுவாங்க, இன்னும் நூறு பேரைச் சேத்தாலும் சரியாகாது. ஆர்மோனியத்தை சரி பண்ணணும். லென்ஸ் ஓரத்துல வெளிச்சம் கொறையுறது, சென்சார் மேல தூசி, ஒளி விழாமலே வெளிச்சமா பதியுற சூடான பிக்சல், இதெல்லாம் எல்லா ஃப்ரேம்லயும் அதே எடத்துல வர்ற தப்பு.

அதனால அந்தத் தப்பை மட்டும் தனியா படம் எடுக்கணும். லென்ஸ் மூடியைப் போட்டு அதே 30 செகண்ட் எடுத்தா சூடான பிக்சல் மட்டும் பதியும், டார்க் ஃப்ரேம். லென்ஸ் வாயில வெள்ளை பனியன் துணியை இழுத்துக் கட்டி விடிய ஆரம்பிச்ச வானத்தைப் பாத்து எடுத்தா ஓர இருட்டும் தூசியும் பதியும், ஃப்ளாட் ஃப்ரேம். ஃபோகஸையும் கேமரா இருக்குற கோணத்தையும் தொடாம எடுக்கணும். சாஃப்ட்வேர் முதல்ல சொன்னதைக் கழிச்சு ரெண்டாவதால வகுத்துடும். புதுசா வர்றவங்க ஃப்ளாட்டை சோம்பல்ல விட்டுடுவாங்க, என்னைக் கேட்டா எல்லா சாமானையும் விட அந்த பனியன் துணி தான் ஊருக்குள்ள எடுக்குறவங்களுக்கு முக்கியம், ஏன்னா வானம் வெளிச்சமா இருக்க இருக்க ஓர இருட்டு நெபுலாவை விட பல மடங்கு பெருசா தெரியும்.

சேத்து முடிச்ச படத்தைத் திறந்தா கறுப்பா இருக்கும், பயப்படாதீங்க. நட்சத்திர வெளிச்சத்துக்கும் நெபுலா வெளிச்சத்துக்கும் அவ்ளோ தூரம், நெபுலா எல்லாம் இருட்டுப் பக்கத்துல ஒரு ஓரத்துல நெருக்கி அடிச்சு உக்காந்திருக்கும். அந்த ஓரத்தை மட்டும் இழுத்து விரிக்கிறதுக்கு ஸ்ட்ரெட்ச்னு பேரு. இல்லாததை வரையுறது இல்ல, இருக்குறதை கண்ணுக்கு எட்டுற அளவுக்கு ஏத்துறது. போட்டோஷாப்பான்னு கேக்குறவங்க பாதி சரி பாதி தப்புன்னு ஆகுறது இந்த எடத்துல தான், சாஃப்ட்வேர் உண்டு, கற்பனை கெடையாது. சிவப்பை ரத்தமா ஏத்தி வெக்குறவங்களும் உண்டு, அது அவங்கவங்க ருசி.

## எந்த மாசம், எதை

ஜோஹன்னஸ்பர்க் இருக்குற ஹைவெல்ட் பீடபூமில நம்ம சீசன் குளிர்காலம், இங்க அது ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும். கோடைல சாயங்காலம் ஆனா இடி மழை, ஓரியன் நல்லா மேல நிக்குற டிசம்பர் ஜனவரில தான் மேகமும் நிக்கும். ஏப்ரல் மே மாசத்துல ராத்திரி முதல் பாதில கரீனா உச்சத்துக்கு வரும், இங்க அது தெற்குல 56 டிகிரி உயரம் போகும், சென்னைல அதே நெபுலா 17 டிகிரியைத் தாண்டாது, கட்டடத்துக்குப் பின்னாடி போயிடும். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் லகூன் நெபுலா கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேல போகும். காத்து ஒலந்து இருக்கும், பனித்துளி தொல்லை கம்மி. டர்பன்ல இருக்குறவங்களுக்கு கடல் ஈரத்துல லென்ஸ் வேர்த்துடும், சின்ன ஹீட்டர் பட்டை ஒண்ணு சுத்திக்கணும். இங்க கெடுக்குறது புகை, குளிருக்கு மூட்டுற கரி அடுப்பும் புல்வெளில பத்துற தீயும் சேந்து தரையோட படிஞ்சு நிக்கும், அதனால அடிவானத்துப் பக்கம் எதையும் எடுக்காதீங்க. பேட்டரி குளிர்ல சீக்கிரம் செத்துடும், ஒண்ணை ஜாக்கெட்டுக்குள்ள வெச்சுக்குங்க.

கையில 50 லென்ஸும் ட்ரைபாடும் மட்டும் இருக்குன்னாலும் கரீனா பக்கம் திருப்பி ஆறு ஆறு செகண்டா ஒரு மணி நேரம் எடுத்து ஸ்டாக் பண்ணிப் பாருங்க, வானம் நகர நகர நடுவுல ஃப்ரேமை மட்டும் சரி பண்ணிக்கணும். சின்னதா செவப்பா வரும். அது பிடிச்சா ட்ராக்கர் வாங்குங்க, அதுக்கப்புறம் ஃபில்டர், டெலஸ்கோப் கடைசியா. நாள் பாக்குறப்போ அமாவாசைக்கு முன்ன பின்ன ஒரு வாரம் வெச்சுக்குங்க, நிலாவும் ஊரு வெளிச்சம் மாதிரி தான் கணக்குல சேரும்.

ஃபில்டர் வாங்கிட்டா எல்லாமே வீட்ல இருந்து எடுத்துடலாம்னு கடைல சொல்லுவாங்க, அதை மட்டும் நம்பாதீங்க. கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைச் சுத்தி இருக்குற நீலப் புகை மாதிரி சில நெபுலா தானே ஒளி விடாது, பக்கத்து நட்சத்திர வெளிச்சத்தைத் தெறிக்க விடும், அதுல எல்லாக் கலரும் இருக்கு. தெற்குச் சிலுவை பக்கத்துல இருக்குற கோல்சாக் ஒளியே விடாத தூசி மேகம், பின்னால இருக்குற பால்வீதியை மறைச்சு ஓட்டை மாதிரி தெரியும். இந்த ரெண்டு வகைக்கும் டூயல்பேண்ட் போட்டா வேண்டியதும் சேந்து வெட்டுப்படும். அதுக்கு ஃபில்டர் காசை பக்கிக்கு, அதாவது பிக்கப் வண்டிக்கு, டீசலா போட்டு ஊரைத் தாண்டிப் போயிடுறது தான் வழி.